வேலி போடுமுன் யாரிடம், எப்படிக் கேட்பது? காட்டோர ஊர்களுக்கான சமூக ஆய்வு முறைகள்: ஓர் ஒப்பீடு

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் பக்கம் இறங்கும் சாலையின் இருமருங்கிலும் உள்ள காட்டோர ஊர்களில், யானையைத் தடுக்க அரசு செய்யக்கூடியவை என்று ஐந்தாறு வழிகள் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றன. அகழி வெட்டலாம், சூரிய மின்வேலி அமைக்கலாம், ஜவளகிரிப் பகுதியில் செய்ததைப் போல எஃகுக் கம்பிவட வேலி நிறுத்தலாம், ராகியை விட்டு வேறு பயிருக்குப் போகச் சொல்லலாம், சேதத்துக்குத் தரும் இழப்பீட்டை உயர்த்தலாம். இவற்றில் எது சிறந்தது என்னும் வாதம் தேநீர்க் கடையிலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் ஓயாமல் நடக்கிறது. அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அதைப் பற்றிய பேச்சை நான் எங்கும் கேட்டதில்லை. ஊராரிடமிருந்து அரசு தெரிந்துகொள்ள வேண்டியதை எந்த முறையில் தெரிந்துகொள்வது என்பதே அது. ஒரு பருவத்துக்கான பணமும் நான்கைந்து ஆட்களும் மட்டும் கையில் இருந்தால், பதிவேடுகளைப் புரட்டுவதா, வீடு வீடாகப் படிவம் நிரப்புவதா, கூட்டம் போட்டுக் கேட்பதா, ஊரிலேயே தங்கிப் பார்ப்பதா? இந்தத் தேர்வைப் பொறுத்து வேலி நிற்கும் இடமே மாறிவிடும் என்பது என் அனுபவம்.

காட்டைப் பற்றியும் யானையைப் பற்றியும் நமக்குத் தெரிந்தவை குறைவில்லை. 1992-இல் மத்திய அரசு யானைத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து கணக்கெடுப்புகள் நடந்து வருகின்றன. 2014-இல் சுமார் 504 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022 நவம்பரில் சுமார் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இந்த இரு மாவட்டக் காடுகளில் அறிவிக்கப்பட்டன. யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் 1980-களில் சத்தியமங்கலம், சாமராஜநகர் பக்கத்துக் காடுகளில் செய்த ஆய்வு, காட்டுப் புல்லைவிட ராகிக் கதிரில் சத்து மிகுதி என்பதையும், கூட்டமாகத் திரியும் பெண் யானைகளைவிட ஆண் யானைகளே அடிக்கடி வயலில் இறங்குகின்றன என்பதையும் நிறுவியது. யானை ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஆக, ஓரளவு விடை இருக்கிறது.

தடுப்புகள் ஏன் தோற்கின்றன என்ற கேள்விக்கோ விடை காட்டுக்குள் இல்லை. சூரிய மின்வேலியின் கம்பியைப் புல் தொட்டுவிட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை செதுக்கியாக வேண்டும். அந்த வேலை யாருடையது, வேலியை ஒட்டிக் கொல்லை வைத்திருப்பவனுடையதா, ஊர் முழுவதினுடையதா, வனத்துறையினுடையதா என்பது தீர்க்கப்படாமலே வேலி திறந்துவைக்கப்படுகிறது. அகழி மழைக்குச் சரிவது ஒரு புறம் இருக்க, மாடு போகும் வழியில் அகழி குறுக்கிட்டால் ஊராரே மண்ணைத் தள்ளிப் பாதை போட்டுக்கொள்வார்கள். அந்தப் பாதையிலேயே யானையும் வரும். தலைமுறைகளாகக் காட்டில் பட்டி போட்டு மாடு மேய்த்த ஊர்களில் மாட்டு வழி என்பது வீட்டு வாசலைப் போன்றது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. அவ்வாண்டு இறுதியில் காவிரி தெற்கு சரணாலயமானபோது, மேய்ச்சல் பற்றிய கேள்வி இந்த ஊர்களின் தலையில் மறுபடியும் வந்து உட்கார்ந்தது. மறு ஆண்டு மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டத்துக்குப் புறம்பாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. கைது, வழக்கு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் சிறை என்று தெரிந்தும் ஓர் ஊரில் ஒருவர் கொல்லைக்கு மின்சாரம் இழுக்கத் துணிவது எந்த நிலையில் என்பதை வழக்கின் கட்டு சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளும் வேலைக்குத்தான் சமூக ஆய்வு என்று பெயர்.

சட்டம் இதில் பெரிதாக உதவாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கேட்கும் மக்கள் கருத்துக் கேட்பு, சுரங்கம், ஆலை போன்ற திட்டங்களுக்கு உரியது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. ஆனால் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் எடுக்கும்போது தமிழ்நாட்டில் மாநிலச் சட்டங்கள் தனி வழியில் போவதால், ஓசூர், சூளகிரி பக்கத்தில் பலர் அப்படி ஒரு மதிப்பீடு இருப்பதையே அறியார். அகழிக்கும் வேலிக்கும் எந்தச் சட்டமும் சமூக ஆய்வைக் கட்டாயமாக்கவில்லை. செய்வதும் செய்யாததும், செய்தால் எந்த வகையில் செய்வது என்பதும் அதிகாரியின் விருப்பம்.

மலிவானது: பதிவேடு

எல்லாவற்றிலும் செலவு குறைந்தது, வனச்சரக அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் இழப்பீட்டு விண்ணப்பங்களைத் தொகுப்பது. ஊர், தேதி, பயிர், பரப்பு, வழங்கிய தொகை எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் ஒரு மாதம் உட்கார்ந்தால் பத்தாண்டுப் படம் கிடைத்துவிடும். எந்த மாதத்தில் சேதம் கூடுகிறது, எந்தச் சரகத்தில் மிகுதி என்பனவற்றுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

அந்தப் படத்தில் விண்ணப்பித்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்பதை மறந்தால்தான் ஆபத்து. விண்ணப்பிக்கப் பட்டா நகல் வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். அவர் மூன்று ஊருக்கு ஒருவராக இருப்பார். குத்தகைக்கு உழுபவருக்கும், புறம்போக்கில் நாலு சால் ஓட்டுபவருக்கும், வன உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இருளர் குடும்பத்துக்கும் அந்தப் பதிவேட்டில் இடமில்லை. காட்டை ஒட்டிய கடைசிக் கொல்லைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களிடம்தான் இருக்கின்றன. பதிவேடு சாலையோரத்து ஊரை அதிகமாகவும் உள்காட்டு ஊரைக் குறைவாகவும் காட்டினால், அங்கே யானை குறைவு என்று பொருளாகிவிடாது. அங்கிருந்து அலுவலகத்துக்குப் பேருந்து இல்லை என்றும் இருக்கலாம்.

வழக்கமானது: வீடு வீடாகப் படிவம்

அரசுத் துறைகள் சமூக ஆய்வு என்றாலே நினைப்பது வினாப்பட்டியலைத்தான். அதற்குக் காரணங்கள் உண்டு. எண்ணாக வரும், அட்டவணையாகப் போடலாம், அடுத்த ஆண்டு மறுபடி எடுத்து ஒப்பிடலாம், சட்டமன்றத்தில் கேள்வி வந்தால் சதவீதத்தில் பதில் சொல்லலாம். எத்தனை வீடுகளைக் கேட்டால் போதும் என்பதற்குப் புள்ளியியலில் ஒரு கணக்கும் இருக்கிறது: பெரிய மக்கள்தொகையில் 95 விழுக்காடு நம்பகத்துடன் ஐந்து விழுக்காட்டுப் பிழைக்குள் ஒரு விகிதத்தை அறிய, ஏறத்தாழ 384 வீடுகள். இந்த எண்ணைச் சொல்லாத ஆய்வு முன்மொழிவை நான் பார்த்ததில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு குக்கிராமத்துக்குப் போனேன். அனுப்பிய நிறுவனம் படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தது. ஒரு நாளில் பன்னிரண்டு முடித்தால்தான் பேருந்துச் செலவு போகக் கையில் ஏதாவது நிற்கும். படிவத்தின் பதினான்காவது கேள்வி, கடந்த ஓராண்டில் யானையால் ஏற்பட்ட பயிர்ச் சேதம் ரூபாயில் எவ்வளவு என்பது. திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். சுழியம் போட்டேன். அவர் உரிப்பதை நிறுத்தாமல், "ஆரியம் வெச்சாத்தான தம்பி ஆனை திங்கும்? ரெண்டு வருசமா அந்தக் கொல்லையில ஒண்ணும் வெக்கறதில்ல," என்றார். ஆரியம் என்பது எங்கள் பக்கத்தில் ராகிக்குப் பெயர். அவர் சொன்னதை எழுதப் படிவத்தில் இடமில்லை. சுழியத்தை அடிக்காமலே அடுத்த கேள்விக்குப் போனேன்.

யானையால் ஒரு குடும்பத்துக்கு நேரக்கூடிய இழப்புகளில் உச்சமானது, நிலத்தையே தரிசாகப் போட்டுவிடுவது. எங்கள் படிவத்தில் அது இழப்பே இல்லை என்று பதிவானது. அந்த ஊரில் அன்று எத்தனை சுழியங்கள் அப்படிப் பட்டவை என்பதை இனி யாரும் அறிய முடியாது; ஆனால் மொத்த அறிக்கையில் அவ்வூர் மோதல் குறைந்த ஊர்களின் பட்டியலில் இருந்ததை நான் பின்னர் பார்த்தேன்.

வேறு இரண்டு குறைகளும் அன்றே கண்ணில் பட்டன. படிவம் குடும்பத் தலைவரைக் கேட்கச் சொன்னது. நாங்கள் போனது காலை பத்து, பதினொரு மணிக்கு. கதிர் முற்றும் காலத்தில் இரவெல்லாம் காவல் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டிவிட்டு வந்த ஆள் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பக் கூசி, கதவு சாத்தியிருந்த வீடுகளைப் பூட்டிய வீடு என்று எழுதிவிட்டு நகர்ந்தோம். மிகவும் பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிடுவதற்கு இதைவிடத் திட்டமான வழியை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது, மொழி. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து ஊர்களில் வீட்டு மொழி பலருக்குக் கன்னடம் அல்லது தெலுங்கு. தமிழ் தெரியாதவர்கள் அல்லர். சந்தைக்கும் அலுவலகத்துக்கும் போதுமான தமிழ் எல்லோரிடமும் உண்டு. ஆனால் அலுவலகத் தமிழில் கேட்டால் அலுவலகத்துக்குச் சொல்லும் பதில்தான் வரும்.

சராசரி என்பது இங்கே இன்னொரு பொறி. ஒரு கணக்குக்காக, 200 வீடுகள் உள்ள ஓர் ஊரில் காட்டை ஒட்டிய 20 வீட்டார் ஆளுக்கு 30,000 ரூபாய் இழக்கிறார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குச் சராசரி இழப்பு 3,000 ரூபாய். 3,000 ரூபாய் இழப்புக்கு யாரும் மின்கம்பியில் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் இழுக்கமாட்டார்கள் என்று மேசையில் இருப்பவர் நினைப்பார். கொக்கி போடுவது 30,000 இழந்தவர்.

இவ்வளவும் சொன்னதால் படிவமே பயனற்றது என்று பொருளில்லை. கேள்வி எளிதாகவும், பரவல் பெரிதாகவும், பதிலில் மானப் பிரச்சினை இல்லாமலும் இருந்தால் அதற்கு இணையான கருவி கிடையாது. நிலத்தடி நீரில் மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் தருமபுரியின் ஃப்ளோரைடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. குழாய் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் குடிநீர் வாரியத்தின் வரைபடம் சொல்லும். ஆனால் குடிக்க ஒகேனக்கல் தண்ணீரையும், களி கிண்டவும் பருப்பு வேகவைக்கவும் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் எடுக்கும் வீட்டில் ஃப்ளோரைடு உடலுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கும். கொதிக்க வைத்தால் நீர்தான் குறையும், ஃப்ளோரைடு போகாது. எந்தத் தண்ணீரில் களி கிண்டுகிறீர்கள் என்னும் ஒரே கேள்வியை ஆயிரக்கணக்கான குடியிருப்புகளில் கேட்க வேண்டுமென்றால் படிவம்தான் வேண்டும். யானை விஷயத்தில் நாம் இன்னும் சரியான கேள்வியைக் கண்டுபிடிக்கும் கட்டத்திலேயே இருக்கிறோம், வேறுபாடு அங்கேதான்.

சபையும் கூட்டமும்

மூன்றாவது வழி, மக்களைக் கூட்டிக் கேட்பது. இதை ஆய்வு என்று சொல்லலாமா என்று ஆய்வாளர்கள் முகம் சுளிப்பார்கள். அதிகாரிகளோ இது ஒன்றே போதும் என்பார்கள். கிராம சபைக்கு உள்ள பலம் வேறெந்த முறைக்கும் இல்லை: அதன் தீர்மானத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னபோது, அவ்வாண்டே பன்னிரண்டு சபைகள் கூடி, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. எந்த ஆய்வறிக்கையும் அதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் நியமகிரியின் கேள்வி ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடியது. வேலி எந்தக் கோட்டில் போக வேண்டும், மாட்டு வழிக்கு எங்கே கதவு, சாவி யாரிடம் என்பவை கைதூக்கித் தீர்பவை அல்ல. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. குறைவெண் வரம்பு, அதாவது சபை செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்த ஆள்கணக்கு, மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை. எங்கள் மலையோரப் பஞ்சாயத்துகளில் ஒரு பஞ்சாயத்துக்குள் பல குக்கிராமங்கள் கிலோமீட்டர் கணக்கில் சிதறிக் கிடக்கும். சபை தாய்க் கிராமத்தில் கூடும். வரவு செலவு, தெருவிளக்கு, வீட்டு மனை, நூறு நாள் வேலை எல்லாம் முடிந்து யானைக்கு வருவதற்குள் கடைக்கோடிக் குக்கிராமத்தார் எழுந்து நடக்கத் தொடங்கியிருப்பார்கள். இருட்டுமுன் காட்டுவழியைக் கடந்தாக வேண்டுமே. சபையில் யானையைப் பற்றி நன்றாகப் பேசுபவர் பல நேரங்களில் யானை வராத தெருவில் குடியிருப்பவர்.

அறிவிப்பு எந்த மொழியில், எந்த வடிவில் போகிறது என்பதிலும் கூட்டத்தின் தரம் அடங்கியிருக்கிறது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் புதிய வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியானதையும், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் அதை மொழிபெயர்க்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல நேர்ந்ததையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே குறைவு. செய்தித்தாளில் வெளியிட்டோம், அலுவலகப் பலகையில் ஒட்டினோம் என்பது இங்கே அறிவித்ததாகாது. தமுக்கு அடிப்பதே அறிவிப்பு.

தரையில் கோடு

கூட்டத்துக்கும் படிவத்துக்கும் நடுவே ஒன்று உண்டு. குக்கிராமத்து மரத்தடியில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, சுண்ணாம்பையும் புளியங்கொட்டையையும் கொடுத்து, ஊரையும் கொல்லைகளையும் யானை இறங்கும் தடங்களையும் தரையில் போட்டுக் காட்டச் சொல்வது. அரை நாள் வேலை. எந்த ஓடை வழியாக வருகிறது, எந்தப் பலா மரத்தடியில் நிற்கிறது, எந்தப் பரணிலிருந்து எந்தப் பரணுக்குக் குரல் கேட்கும், எந்தக் கொல்லை தரிசானது என்பதெல்லாம் ஒருவர் போட்ட கோட்டை இன்னொருவர் திருத்தத் திருத்த வெளியே வரும். பெண்களைத் தனியாக உட்காரவைத்தால் வேறொரு வரைபடம் கிடைக்கும்: தண்ணீருக்குப் போகும் வழி, விறகு வழி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி, இருட்டினால் யாரும் போகாத வழி. அன்று அந்த மூதாட்டியிடம் படிவத்துக்குப் பதிலாக ஒரு பிடி புளியங்கொட்டை கொடுத்திருந்தால், தரிசான கொல்லையின் மேல் அவரே ஒரு கல்லை வைத்திருப்பார். இதன் குறை, சாதி. யார் அருகில் யார் உட்காருவார், யார் கோட்டை யார் திருத்தத் துணிவார் என்பதை அறியாமல் செய்தால், வரைபடம் ஊர்க் கவுண்டரின் நிலப்படமாகவே முடியும்.

நீண்டது: ஊரில் தங்குவது

கடைசி வழி, இரண்டு மூன்று ஊர்களைத் தேர்ந்து, ஊருக்கு ஒருவர் என்று ஒரு பருவம் முழுவதும் அங்கேயே தங்குவது. ஆடியில் விதைப்பு முதல் மார்கழியில் களத்து வேலை முடியும்வரை ஐந்து மாதம். பரணில் உட்கார வேண்டும். விடியற்காலையில் சேதம் பார்க்கப் போகிறவர்களோடு போக வேண்டும். வனக்காப்பாளர் வந்து அளக்கும்போது அருகில் நிற்க வேண்டும். மனு எழுதித்தரும் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் மட்டுமே கிடைப்பவை சில உண்டு. இரவுக் காவலின் விலை அவற்றில் முதலாவது. ஒரு பருவத்தில் நாற்பது, ஐம்பது இரவு விழித்தவர் பகலில் கூலிக்குப் போக முடியாது. ஓசூர்த் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் மகன் அந்தச் சில வாரங்களுக்கு லீவு போட்டு வருவான், சில நேரம் வேலையை விட்டே வருவான். காவலுக்கு ஆள் இல்லாத வீட்டில் பள்ளிக்கூடப் பையன் பரணேறுவான். யானை ஒரு கதிரைக்கூடத் தொடாமல் போன ஆண்டிலும் இவ்வளவும் நடக்கும். இழப்பீட்டு விதிகளில் இதற்குத் தலைப்பே கிடையாது. விழிப்பவர்களுக்கிடையே உள்ள ஏற்பாடும் அப்படித்தான்: யார் பரணிலிருந்து முதல் குரல், யார் டார்ச் அடிப்பது, பட்டாசு வாங்கக் காசு யார் போடுவது என்பனவற்றில் எழுதப்படாத முறை ஒன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. வேலியைப் பராமரிக்கக் குழு அமைக்க நினைக்கும் துறைக்கு, ஏற்கெனவே இயங்கும் அந்த ஏற்பாட்டைவிட நல்ல அடித்தளம் வேறில்லை. அதைப் பாராமல் புதிதாகத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எழுதிக்கொடுத்த குழுக்கள் புகைப்படம் எடுத்த நாளோடு கலைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மின்சாரக் கொக்கியைப் பற்றிய பேச்சும் மூன்றாம் மாதத்தில்தான் வரும். முதல் வாரத்தில் கேட்பவர் காவல்துறை ஆளாகவே பார்க்கப்படுவார். இதில் ஆய்வாளருக்கு ஒரு பொறுப்பும் சேர்கிறது. தெரிந்துகொண்டதில் எதை எழுதுவது, யாருடைய ஊர்ப் பெயரை மறைப்பது என்பதை ஊருக்குள் போகுமுன்பே துறையோடு எழுத்தில் முடித்துக்கொள்ளாவிட்டால், ஆய்வு உளவாகிவிடும். அப்படி ஒருமுறை ஆனால், அடுத்த இருபது ஆண்டுக்கு அந்த ஊரில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இந்த முறைக்கு எதிராக அதிகாரிகள் சொல்பவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. மூன்று ஊரை வைத்து இரண்டு மாவட்டத்துக்கு எப்படித் திட்டம் போடுவது என்பது நியாயமான கேள்வி. ஓசூர் வனக்கோட்டம் மட்டுமே சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். கர்நாடக எல்லையில் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவை ஒட்டிய ஊரில் ஐப்பசியில் நடப்பது, காவிரிக்கரை ஊரில் நடக்காது. ஐந்து மாதம் தங்கியவர் அவ்வூரின் வக்கீலாகவே திரும்பி வருகிறார் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. அறிக்கை எண்பது பக்கம் இருக்கும், கோப்பில் வைக்க ஒன்றரைப் பக்கம்தான் வேண்டும்.

வரிசையில் இருக்கிறது விஷயம்

இந்த நான்கைந்து முறைகளையும் ஒரே தராசில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதுவும் தேறாது. நான் தேர்ந்தெடுக்கச் சொல்வது வரிசையை. இப்போதைய வழக்கம் இப்படி: கோட்டத்தில் வரைபடத்தின்மேல் வேலிக் கோடு போடப்படும், மதிப்பீடு தயாராகும், ஒரு நிறுவனம் படிவம் எடுத்து ஆதரவு இத்தனை விழுக்காடு என்று எழுதும், கடைசியில் கிராம சபையில் தீர்மானம். கோடு போட்டபின் வரும் ஆய்வு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், அந்தக் கோட்டை நகர்த்தாது.

இந்தக் கோளாறு நம் மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிச் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை தந்தது. எந்த இடத்தில் எவ்வளவு கட்டுப்பாடு என்பதைக் கிராம சபைகள்வரை கொண்டுபோய் முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் நிலை. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு, செயற்கைக்கோள் படங்களை ஆதாரமாகக் கொண்டு மலையில் ஏறத்தாழ 37 விழுக்காட்டைச் சூழலியல் நுண்ணுணர்வுப் பகுதியாகக் குறித்தது. முதல் அறிக்கை மக்களை நம்பியது. ஆனால் மாதக்கணக்கில் வெளியிடப்படாமல் முடங்கிக் கிடந்தது, மலைக்காரர்களின் மொழியிலும் இல்லை. அந்த இடைவெளியில் வதந்தி புகுந்தது. இரண்டாவது தெளிவான எல்லை போட்டது. கேரளத்து மலை ஊர்கள் 2013-இல் தெருவுக்கு வந்தன. மக்களிடம் கேட்க வேண்டும் என்று எழுதுவது வேறு, எழுதுவதற்கு முன் கேட்பது வேறு.

ஆகவே கையில் ஒரு பருவத்துப் பணம் மட்டும் இருந்தால் நான் இப்படிச் செலவிடுவேன். ஆனியில் ஒரு மாதம் பதிவேடு. எந்த ஊர்கள் அதில் அதிகம் தெரிகின்றன, எவை தெரியவே இல்லை என்று பார்ப்பதற்கு. தெரியும் ஊர் ஒன்று, தெரியாத ஊர் இரண்டு என்று மூன்றைத் தேர்ந்து, கன்னடமும் தெலுங்கும் பேசக்கூடிய மூவரை ஆடியிலிருந்து தங்கவைப்பேன். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்களே சுற்றியுள்ள இருபது குக்கிராமங்களில் தரை வரைபடம் போடட்டும். கார்த்திகையில், அதுவரை தெரிந்ததை வைத்துப் பத்துக் கேள்விக்கு மிகாத படிவம் ஒன்று. அதில் தரிசான நிலம் எத்தனை ஏக்கர், விழித்த இரவு எத்தனை என்று இரண்டு கேள்விகள் கட்டாயம் இருக்கும். காடோரத்து வீடுகள், மற்ற வீடுகளோடு சராசரியில் கலக்காமல், தனி அடுக்காக எடுக்கப்படும். கேட்கும் நேரம் மாலை நாலு மணிக்கு மேல், காவலுக்குக் கிளம்புமுன். வேலிக் கோடு அதற்குப் பிறகு. ஜனவரி 26 கிராம சபைக்கு அந்தக் கோடு இரண்டு மாற்று வடிவங்களோடு போகட்டும், குக்கிராமத்தார் திரும்பும் நேரத்துக்குள் முதல் பொருளாக.

இதற்கு ஆகும் பணம், ஒரு கிலோமீட்டர் கம்பிவட வேலியின் செலவோடு ஒப்பிட்டால் பெரிதன்று என்பதைத் திட்ட மதிப்பீடு போட்டுப் பழகியவர்களே ஒப்புக்கொள்வார்கள். தடையாக இருப்பது பணத்தின் அளவைவிட அது வரும் மாதம். நிதி ஒதுக்கீடு பங்குனியில் தீர்ந்தாக வேண்டும் என்பதால், ஆய்வுக்கான ஆணை தை, மாசியில்தான் கைக்கு வருகிறது. அப்போது கொல்லையில் தாள் மட்டுமே நிற்கும். பரணைப் பிரித்து விறகாக்கியிருப்பார்கள். கடந்த பருவத்தில் எத்தனை இரவு விழித்தீர்கள் என்று சித்திரை வெயிலில் போய்க் கேட்டால், அவர் யோசித்து, கேட்பவர் எதிர்பார்ப்பார் என்று தனக்குத் தோன்றும் ஓர் எண்ணைச் சொல்வார்.